அப்பாயிக்கு வீட்டிலேயே லைஃப் சர்டிபிகேட் எடுப்பது எப்படி?

என் தாத்தா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். அவர் போன பிறகு வருகிற குடும்ப ஓய்வூதியத்தில்தான் அப்பாயியின் பாடு ஓடுகிறது. அந்தப் பணம் நிற்காமல் வர, ஆண்டுக்கொரு முறை நவம்பரில் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருக்கிறார் என்ற சான்றிதழ், கொடுத்தாக வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

முன்பு ஒரு வருடம் அப்பாயியை ஆட்டோவில் வங்கிக்குக் கூட்டிப் போனேன். கைரேகைக் கருவி அவர் விரலை ஏற்கவே இல்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். வீடு திரும்பும்போது, "அரைச்சு அரைச்சே ரேகை தேஞ்சு போச்சு தம்பி" என்றார். அம்மியில் அரைத்த கை அது. அடுத்த வருடம் முகத்தைக் காட்டியே சான்றிதழ் எடுத்துவிட்டோம். இந்தச் சான்றிதழை இணையத்தில் எடுக்க உதவும் மத்திய அரசின் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் வந்தது. முகம் பார்த்துச் சரிபார்க்கும் வசதி 2021 நவம்பரில் சேர்ந்தது. இன்னும் பல வீடுகளில் இது தெரியாமல் பெரியவர்களை அலைய வைக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆதார் அட்டை, ஓய்வூதியம் ஏறும் கணக்கின் பாஸ்புக், பிபிஓ எண் (ஓய்வூதியம் வழங்கச் சொல்லும் ஆணையின் எண்). இந்தக் கடைசி எண்ணில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். பழைய ஜெராக்ஸில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். பிபிஓ புத்தகத்தையே எடுத்து, நீங்கள் ஒருமுறை, வீட்டில் இன்னொருவர் ஒருமுறை என்று படித்துச் சரிபாருங்கள். தவறாகப் போட்டால் ஓய்வூதியம் வழங்கும் இடத்தில் நிராகரித்துவிடுவார்கள். அங்கே ஆதார் எண் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

2. போனைத் தயார் செய்வது

ஆண்ட்ராய்டு போன், 4 ஜிபி ராம், 5 மெகாபிக்சல் கேமரா இருந்தால் போதும். பெரியவரின் போனாக இருக்கத் தேவையில்லை, உங்கள் போனே சரி. இரண்டு ஆப் வேண்டும்: 'ஆதார் ஃபேஸ் ஆர்டி', 'ஜீவன் பிரமாண்'. பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். முதல் ஆப்பை நிறுவிய பிறகு போனில் அதற்கு ஐகான் தெரியாது. அது பின்னணியில் இயங்குகிற ஆப், ஏறவில்லையோ என்று பதற வேண்டாம்.

3. உங்களைப் பதிவு செய்வது

ஜீவன் பிரமாண் ஆப்பைத் திறந்ததும் முதலில் இயக்குபவரின் விவரம் கேட்கும். அது நீங்கள்தான். உங்கள் ஆதார் எண், மொபைல் எண், மின்னஞ்சல், ஓடிபி, பிறகு உங்கள் முகம். ஒருமுறை செய்துவிட்டால் அதே போனில் வீட்டிலுள்ள மற்ற பெரியவர்களுக்கும் எடுக்கலாம்.

4. அவர்களுடைய விவரம்

இப்போது பெரியவரின் ஆதார் எண்ணும் மொபைல் எண்ணும். ஓடிபி அவர் போனுக்கு வந்தால், போனைப் பிடுங்காமல் அவரையே படிக்கச் சொல்லுங்கள். அப்பாயி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார். அரை நிமிடம் கூடுதலாக ஆனது, ஆகட்டும். இது அவருடைய காரியம்.

அடுத்து பெயர், ஓய்வூதிய வகை, ஓய்வூதியத்தை அனுமதித்த துறை, அதை வழங்கும் வங்கி, பிபிஓ எண், கணக்கு எண். பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள்.

மறுபடி வேலைக்குப் போகிறாரா, மறுமணம் செய்துகொண்டாரா என்றும் கேட்கும். இந்த இரண்டாவது கேள்வியை நான் அப்படியே சத்தமாகப் படித்துவிட்டேன். அப்பாயி எதுவும் சொல்லாமல் சுவரிலிருந்த தாத்தா படத்தைப் பார்த்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

5. முகம் காட்டுவது

வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வையுங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், காலண்டரும் சாமி படமும் வேண்டாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். போனை அவர் கையில் கொடுத்தால் ஆடும். நீங்கள் எதிரே உட்கார்ந்து அவர் கண் மட்டத்தில் பிடியுங்கள்.

ஸ்கேன் தொடங்கினால் முகம் வட்டத்துக்குள் வர வேண்டும், பிறகு கண்ணை இமைக்க வேண்டும். இமைக்கச் சொன்னால் பெரியவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார்கள். அப்பாயியும் அப்படித்தான் செய்தார், மூன்று முறை ஏறவில்லை. "கண்ணுல தூசி விழுந்தா எப்படிச் சிமிட்டுவ அப்பாயி, அந்த மாதிரி" என்றதும் நான்காவது முறை ஏறிவிட்டது. அவசரப்படுத்தாதீர்கள். கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாக நேரம் பிடிக்கலாம், நடுவே ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும்.

6. முடிந்த பிறகு

திரையில் பிரமாண் ஐடி என்று சான்றிதழுக்கான ஓர் எண் வரும், குறுஞ்செய்தியிலும் வரும். எழுதி வையுங்கள். சான்றிதழ், ஓய்வூதியம் வழங்கும் இடத்துக்கு இணையத்திலேயே போய்விடும், நேரில் கொடுக்க வேண்டாம். சில நாள் கழித்து ஜீவன் பிரமாண் தளத்தில் அது ஏற்கப்பட்டதா என்று பாருங்கள்.

போன் சரிப்படவில்லையா? இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி மூலம் தபால்காரரே வீடு தேடி வந்து எடுத்துத் தருவார், கட்டணம் 70 ரூபாய். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இதுதான் நல்லது. இபிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) ஓய்வூதியம் வாங்குவோருக்கு நவம்பர் கணக்கு இல்லை. எப்போது கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்களுக்குரிய மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "லைஃப் சர்டிபிகேட் புதுப்பிக்கணும், ஓடிபி சொல்லுங்க" என்று யாராவது போனில் கேட்டால் அவர் திருடர். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அப்பாயியின் போனுக்குப் பின்னால் இந்த எண்ணையும் என் எண்ணையும் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சான்றிதழை அச்செடுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அப்பாயி அதை நான்காக மடித்து, பிபிஓ புத்தகம் இருக்கிற மஞ்சப்பையில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.