மாங்காய் இஞ்சி காய்ந்துவிட்டதா? தண்ணீர்க் குவளையைக் கீழே வையுங்கள்

முதல் முறை வளர்த்தபோது, ஏழாவது மாதம் என் மாங்காய் இஞ்சியின் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டன. தண்ணீர் போதவில்லையோ என்று தினமும் ஊற்றினேன். இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் பாதிக் கிழங்கு கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. கிழங்கு முற்றி ஓய்வுக்குப் போன செடியை நான்தான் ஊற்றி ஊற்றிக் கெடுத்திருக்கிறேன்.

பார்வைக்கு இஞ்சி, உறவில் மஞ்சளுக்குத்தான் நெருக்கம். தோலைக் கீறினால் பச்சை மாங்காய் வாசனை. இதற்குக் கிழங்குதான் விதை. இரண்டு மூன்று முளைக்கணு உள்ள கெட்டியான துண்டு, 25 கிராம் இருந்தால் போதும். அமுக்கினால் மெத்தென்று இருப்பது வேண்டாம். வெட்டினீர்கள் என்றால் வெட்டுவாய் காயும்வரை இரண்டு நாள் நிழலில் போடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு நட்ட என் துண்டுகள் பூசணம் பிடித்துப் போயின.

கிழங்கு பக்கவாட்டில் ஓடும் என்பதால் தொட்டிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம். 12 அங்குல வாயுள்ள தொட்டியில் இரண்டு துண்டு தாராளம். மண், மக்கிய உரம், தேங்காய் நார்த்தூள் மூன்றும் சம அளவு. ஊற்றிய தண்ணீர் மேலே தேங்கி நின்றால் கொஞ்சம் மணல் சேருங்கள். குளிர் விலகியதும், முளை மேலே பார்க்க, 5 செ.மீ. ஆழத்தில் நடுங்கள்.

அப்புறம் பொறுமை. முளை தலைகாட்ட நான்கு வாரம்கூட ஆகலாம். லேசான ஈரம் போதும். வந்துவிட்டதா என்று கிளறாதீர்கள். அப்படிக் கிளறி ஒரு நல்ல முளையை ஒடித்த அனுபவம் எனக்கு உண்டு.

காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கிற இடம் நல்லது. மாதம் ஒரு கைப்பிடி உரம் போடுங்கள். கிழங்கு வெளியே தெரிந்தால் மண் அணைத்துவிடுங்கள்.

இலை மஞ்சளானதும் தண்ணீரைக் குறைத்து, தாள் முழுக்கக் காய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொட்டியை அப்படியே கவிழ்த்தால் கிழங்கு உடையாமல் வரும். அடுத்த நடவுக்கு, குண்டான, காயம் படாத கிழங்குகளைக் கழுவாமல் எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிர் முளையைக் கெடுத்துவிடும். மாதம் ஒருமுறை மணலைத் தள்ளிப் பாருங்கள்; கணு புடைத்திருந்தால், சரி, தொட்டியைத் தயார் செய்யலாம்.