கன்சோலிலிருந்து கணினிக்கு வந்த விளையாட்டின் படத்தைத் தெளிவாக்குவது எப்படி?

2012 ஆகஸ்டில் கணினிக்கு வந்த டார்க் சோல்ஸ் விளையாட்டில், தெளிவுத்திறனை 1920க்கு 1080 என்று அமைத்தாலும் படம் மங்கலாகவே தெரியும். விளையாட்டு உள்ளுக்குள் 1024க்கு 720 என்ற அளவிலேயே காட்சியை வரைந்து, பிறகு அதைத் திரையளவுக்கு இழுத்துப் பெரிதாக்குவதே இதற்குக் காரணம்; ஆகவே விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினாலும் பயனில்லை.

முதலில் விளையாட்டின் அமைப்புகளில் ஆன்டி-ஏலியாசிங்கை (விளிம்புகளை மென்மையாக்கும் வசதி) நிறுத்திவிடுங்கள்; இதை மறந்தால் அடுத்துச் செய்வது எடுபடாது. அதன்பின், ரசிகர் ஒருவர் எழுதி இலவசமாகத் தந்த டிஎஸ்ஃபிக்ஸ் கோப்புகளை, விளையாட்டின் இயங்கு கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில் பிரித்து வையுங்கள். அதிலுள்ள ஐஎன்ஐ கோப்பை (அமைப்புகள் எழுதப்பட்ட கோப்பு) நோட்பேடில் திறந்து, காட்சியை வரையும் அகல உயரங்களை உங்கள் மானிட்டரின் அளவுக்கு மாற்றிச் சேமித்தால், கற்சுவரின் விளிம்புகளும் கவசத்தின் வளையங்களும் கூர்மையாகத் தெரியும்.

வேகத்தில்தான் நிதானம் தேவை. அதே கோப்பில், விநாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்ற வரம்பை 60 ஆக்கினால், ஒரு ஃபிரேமை வரைய 33.3 மில்லிவிநாடிக்குப் பதில் 16.7 மில்லிவிநாடியே கிடைக்கும். கணினி அதற்கு ஈடுகொடுத்தாலும், அசைவுக் கணக்குகள் 30ஐ நம்பி எழுதப்பட்டவை என்பதால் தாவும் தூரம் குறையும். ஏணியில் சறுக்கி இறங்கினால் பாத்திரம் தரையையும் துளைத்துக்கொண்டு விழுந்துவிடக்கூடும். ஏணிகளில் படிப்படியாகவே இறங்குங்கள், கடினமான தாவல்களுக்கு முன் 30க்குத் திரும்புங்கள்.

இந்த விளையாட்டின் மவுஸ் கட்டுப்பாட்டைச் சரிசெய்ய முயல்வதைவிட (அது அவ்வளவு மோசம்) ஒரு கேம்பேட் வாங்கிவிடுவதே மேல்.