பள்ளிக் கண்காட்சிக்குக் குகை வேட்டா உருவம் செய்வது எப்படி?

பேக்கிராமா என்பது நியூசிலாந்தில் மட்டுமே வாழும் குகை வேட்டா, அதாவது குகைச் சுவர்க்கோழிப் பேரினம். குளியலறையில் கத்தும் நம்மூர்ச் சுவர்க்கோழியைப் பார்த்து அதைச் செய்யாதீர்கள். நம்மூர்ப் பூச்சி இறக்கையை உரசிக் கத்தும். முன்காலில் காது இருக்கும். பேக்கிராமாவுக்கு இறக்கையும் இல்லை, காதும் இல்லை. இருட்டில் நீண்ட கால்களாலும் உணர்கொம்புகளாலும் தடவித்தான் நடக்கும்.

கம்பியில்தான் பலர் தவறுகிறார்கள். கட்டுக்கம்பி வேண்டாம், ராயபுரம், திருவொற்றியூர் கடற்காற்றில் துருப்பிடித்துப் பெயின்ட்டுக்கு மேலே கறை கசியும். வண்ணாரப்பேட்டைப் பக்கம் மோட்டார் வைண்டிங் கடையில் செம்புக்கம்பி கேளுங்கள்: காலுக்கு 18 கேஜ், உணர்கொம்புக்கு 28 கேஜ்.

செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி, முதுகு கூனலாக 6 செ.மீ. உடல் செய்து டேப் சுற்றுங்கள். ஒரு ஜோடிக் காலுக்கு ஒரே கம்பி, நெஞ்சைத் துளைத்து மறுபக்கம் போகட்டும். பின்காலுக்கு 36 செ.மீ. (தொடை 6, கீழ்க்கால் 7, பாதம் 3), மற்ற இரு ஜோடிக்கும் 26 செ.மீ. வீதம் வெட்டுங்கள். மூன்று ஜோடியும் நெஞ்சில்தான், வயிற்றில் அல்ல. முட்டியை ஒரே தடவையில் மடக்குங்கள்; திருப்பித் திருப்பி மடக்கினால் ஒடியும்.

செம்பின் வார்னிஷை உப்புத்தாளால் தேய்த்த பிறகே எம்-சீல் பூசுங்கள், இல்லாவிட்டால் பிடிக்காது. இரண்டு பாகத்தையும் சமமாக, ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகும்; கோலிக்குண்டு அளவாகப் பிசைந்தால் போதும். பின்தொடை உடலருகே தடித்து, முட்டிக்கு மெலியட்டும்.

உருவத்துக்கு உயிர் கொடுப்பது உணர்கொம்புதான். ஒவ்வொரு கொம்புக்கும் 24, 17, 10 செ.மீ. என மூன்று 28 கேஜ் கம்பிகளை அடியில் சேர்த்து முறுக்குங்கள். குட்டைக் கம்பிகள் முடிய முடிய நுனி தானாக மெலியும். இரண்டின் அடியும் தலையுச்சியில் ஏறக்குறைய ஒட்டி இருக்க வேண்டும். தள்ளி வைத்தால் வேறு பூச்சியாகிவிடும். வால்பக்கம் மெல்லிய இழை இரண்டு. பெண் என்றால் நடுவே மேல்நோக்கி வளைந்த முட்டையிடும் குழல், பிளாஸ்டிக் மூடியிலிருந்து வெட்டியது.

மங்கலான பழுப்பு அக்ரிலிக் அடித்து, கால்களில் வெளிர்ப் பட்டைகள் போடுங்கள். பளபளப்பு வேண்டாம்.

அட்டைப்பெட்டியைக் குகையாக்கி, பாத நுனிகளைக் கூரையில் குத்தி மேற்பக்கம் மடக்கித் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். சீட்டில் 'ராட்சத வேட்டா' என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு குடும்பம். 'ராபிடோபோரிடே குடும்பம், பேக்கிராமா, நியூசிலாந்து' என்பதே சரி.