காட்டோடைக் கணக்கில் நிலத்தடி நீரை விட்டுவிட்டால்

மழை அளவும் ஓடையில் ஓடிய நீரின் அளவும் கையில் இருந்தால், காட்டோடையில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணிக்கும் கணக்கு மாதிரி தயார் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நிலத்தடி நீர் அதில் ஏதோ மிச்சக் கணக்குபோல ஒதுங்கிவிடுகிறது. மற்ற தவறுகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

மோசமான தவறு, மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளை வைத்துச் சரிசெய்த மாதிரியை வறண்ட காலத்துக்கும் அப்படியே நம்புவது. மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரின் அணைகளுக்கு நீர் தரும் ஜாரா மரக்காடுகளைப் பாருங்கள். 1970களின் நடுவிலிருந்து அங்கே மழை சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைந்தது. அணைகளுக்கு வந்த நீரோ பாதிக்கும் கீழே போய்விட்டது. முன்பு நிலத்தடி நீர்மட்டம் பள்ளத்தாக்கில் ஓடையின் அடியைத் தொட்டு நின்றது. கரையோர நிலம் ஊறிக் கிடந்ததால், அங்கே விழுந்த மழை உடனே ஓடையில் சேர்ந்தது. மட்டம் ஆண்டுக்காண்டு இறங்கி ஓடையைவிட்டு விலகியதும், பெய்த மழையை முதலில் மண்ணே குடித்துக்கொண்டது. இடையில் ஒரு வருடம் நல்ல மழை பெய்தாலும் பழைய ஓட்டம் திரும்பவில்லை. இந்த மாற்றம் மாதிரிக்குள் இல்லையென்றால், அது ஓடையில் இல்லாத நீரைக் காட்டும்.

வேரின் ஆழத்தை ஒன்றிரண்டு மீட்டரோடு நிறுத்துவதும் இதோடு சேர்ந்த தவறுதான். ஜாராவின் வேர்கள் பல பத்து மீட்டர் ஆழம் இறங்கி, கோடையிலும் நீரை உறிஞ்சுகின்றன.

அப்புறம், வெள்ளத்தில் வருவதெல்லாம் இப்போது பெய்த மழைதான் என்று எடுத்துக்கொள்வது. நியூசிலாந்தின் மைமை ஓடையில் 1980களில் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்; புது மழைநீரையும் பழைய நீரையும் பிரித்துக் காட்டும்) வைத்துப் பார்த்தபோது, வெள்ளநீரில் பெரும்பங்கு ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்த பழைய நீர் என்று தெரிந்தது. ஓட்டத்தின் அளவு மட்டும் போதுமென்றால் இது பெரிய விஷயமாகத் தோன்றாது. உப்பையோ நைட்ரேட்டையோ கணக்கிடப் போனால் மொத்தமும் தப்பாகிவிடும். அதே மேற்கு ஆஸ்திரேலியாவில் காட்டை அழித்த இடங்களில் நிலத்தடி நீர் மேலேறி, மண்ணில் சேர்ந்திருந்த உப்பை ஓடைகளுக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள வெலிங்டன் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் காடு அழிப்பதற்கு 1976இல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று.

மாதிரியைச் சோதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாதிரி காட்டும் ஓட்டம் அளந்த ஓட்டத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் வழக்கமான நாஷ்–சட்க்ளிஃப் மதிப்பெண், பிழைகளை வர்க்கமாக்குவதால் வெள்ள நாட்களுக்கே அதிக எடை தரும். கோடை ஓட்டம் எவ்வளவு தவறினாலும் மதிப்பெண் நன்றாகவே வரும். சிறிய ஓட்டங்களுக்கும் எடை கிடைக்க, மடக்கை (log) எடுத்த ஓட்ட அளவிலும் ஒருமுறை சோதியுங்கள். முடிந்தால் பள்ளத்தாக்கில் ஒன்று, சரிவில் ஒன்று என ஆழ்துளைகள் போட்டு, அவற்றின் நீர்மட்டம் மாதிரி காட்டும் நிலத்தடி நீர்ச் சேமிப்போடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று பல ஆண்டுகளுக்குப் பாருங்கள்.