ஒரே மழைப் பதிவு, நான்கு வடிவங்கள்: தரவுத்தள ஆவணங்களை இணையத்தில் வழங்கும் முறை

கோத்தகிரிப் பக்கம் தேயிலை பயிரிடும் ஒருவர் நேற்றைய மழையளவைக் கைப்பேசியில் பார்க்க விரும்புகிறார். ஊராட்சி அலுவலகத்தில் இருப்பவர் அதையே எக்செல்லில் திறந்து மாத மொத்தத்தைக் கூட்ட விரும்புகிறார். செயலி எழுதும் இளைஞருக்கு, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவம் வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குப் பிடிஎஃப் வேண்டும். நால்வருக்கும் நான்கு கோப்புகளைச் சேமித்து வைத்தால், ஒன்றில் பிழை திருத்தும்போது மற்ற மூன்றிலும் பழைய எண்ணே தங்கிவிடும். ஆகவே ஓர் ஊருக்கு, ஒரு நாளைக்கு, ஓர் ஆவணம் மட்டுமே தரவுத்தளத்தில் இருக்கட்டும்; கேட்கப்படும் நேரத்தில் அதை உரிய வடிவத்துக்கு மாற்றித் தரலாம்.

முதலில் ஆவணத்தைச் சரியாக அமைக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. செய்தித்தாள்கள் இத்தகைய அளவைப் பெரும்பாலும் சென்டிமீட்டரில் எழுதும். சேமிப்பில் மில்லிமீட்டர் மட்டுமே இருக்கட்டும். அலகு மாற்றம் காட்டும் இடத்தில் நடக்கட்டும். இந்திய வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்கு முடிவதால், தேதியுடன் அளந்த நேரத்தையும் எழுதுங்கள். இல்லையேல் 7-ம் தேதி இரவு கொட்டிய மழை எந்த நாளின் கணக்கு என்ற குழப்பம் தீராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மழை பெய்யாத நாளையும் அளக்க முடியாத நாளையும் வேறுபடுத்துவது. மண்சரிவால் பாதை அடைபட்டு, மழைமானிக்குப் போக முடியாத நாள்தான் பெரும்பாலும் கனமழை பெய்த நாள். அதை 0 என்று காட்டுவது பெரும் தவறு. நான் முதலில் எழுதிய நிரல் இந்தத் தவறைச் செய்தது. மதிப்பு இல்லையென்றால் 0 இடு என்று, பக்கத்தின் அச்சாக இருக்கும் வார்ப்புருவில் எழுதியிருந்தேன். பிறகு அதைத் திருத்தப்போய், நான் பயன்படுத்தும் பைத்தான் நிரல்மொழி 0-ஐயும் இல்லாததாகவே கருதியதால், மழையில்லாத நாள்களெல்லாம் அளக்காத நாள்களாகிவிட்டன. ஜேசானில் மதிப்பில்லை என்று பொருள்படும் நல், எக்செல்லில் திறக்கும் சிஎஸ்வி கோப்பில் காலிக் கட்டம், இணையப் பக்கத்திலும் பிடிஎஃபிலும் ‘அளக்கப்படவில்லை’ என்று, வடிவத்துக்கு வடிவம் தெளிவாக முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஆவணத்துக்கு ஒரே முகவரி கொடுங்கள். எந்த வடிவம் வேண்டும் என்பதை உலாவியும் செயலியும் கோரிக்கையோடு சேர்ந்து போகும் அக்செப்ட் என்ற தலைப்பில் (ஹெடர்) அனுப்புகின்றன; பைத்தானில் இணையதளம் அமைக்க உதவும் ஃபிளாஸ்க் பயன்படுத்துவோர் அதிலுள்ள பெஸ்ட்_மேட்ச் செயற்கூற்றைக் கொண்டு பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம். பொருத்தமான வடிவம் இல்லையென்றால் 406 என்ற பதிலை அனுப்புங்கள். விடை எதைப் பொறுத்து மாறும் என்று சொல்லும் வேரி தலைப்பில் அக்செப்ட் என்று குறிப்பிட மறக்காதீர்கள். மறந்தால், செயலிக்குப் போன ஜேசானை இடையிலுள்ள தற்காலிகச் சேமிப்பு உலாவிக்கும் கொடுத்துவிடும். ஆவணம் மாறியதா என்று அறிய உதவும் ஈடேக் மதிப்பும் வடிவத்துக்கு வடிவம் வேறாக இருக்க வேண்டும். தலைப்பை மாற்றத் தெரியாத சாதாரணப் பயனருக்காக, முகவரியின் முடிவில் .csv, .pdf என்று சேர்த்த இணைப்புகளையும் பக்கத்தில் வையுங்கள். கவுச்டிபி என்ற ஆவணத் தரவுத்தளத்தில் இந்த மாற்றத்தைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யும் ஷோ செயற்கூறுகள் உண்டு, ஆனால் 3.0 பதிப்பிலிருந்து அவை கைவிடப்படவுள்ளவை என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால், புதிதாகத் தொடங்குவோர் இந்த வேலையைச் செயலி அடுக்கில் செய்வதே நல்லது.

ஜேசானில் பைத்தான் தமிழ் எழுத்துகளை இயல்பாகவே குறிமுறையாக மாற்றி எழுதும். யுடிஎஃப்-8 என்ற வழக்கமான எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட் பிடிக்கும் குறி, அப்படி எழுதினால் 6 பைட் ஆகிறது. சிக்னல் மெலிந்த பள்ளத்தாக்குகளில் இது வீண் சுமை என்பதால், என்ஷூர்_ஆஸ்கி அமைப்பை அணைத்துவிடுங்கள்.

சிஎஸ்வி கோப்பின் தொடக்கத்தில், அது யுடிஎஃப்-8 என்று காட்டும் பிஓஎம் என்ற 3 பைட் குறியீடு இல்லையென்றால், எக்செல் பெரும்பாலும் தமிழைச் சிதைத்துக் காட்டும்; பைத்தானில் யுடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கம் அதைச் சேர்த்துவிடும். ஊர்ப் பெயரில் காற்புள்ளி வந்தால் மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். இதைக் கையால் செய்யாமல் சிஎஸ்வி நூலகத்திடம் விடுங்கள். பயனர் எழுதிய குறிப்பு சமக்குறியில் தொடங்கினால் எக்செல் அதைச் சூத்திரமாக இயக்கக்கூடும் என்பதால், அதன் முன்னே ஒற்றை மேற்கோள் குறி சேருங்கள்.

பிடிஎஃப்தான் தமிழுக்குக் கடினமானது. கொலக்கம்பை என்ற பெயரில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் ஒகரக் குறி, காட்டப்படும்போது ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துருவின் வடிவ விதிகளைப் பின்பற்றாத நூலகங்கள் கொம்பை இடம் மாற்றி அச்சிடும். ஏற்கெனவே செய்த எச்டிஎம்எல் இணையப் பக்கத்தையே வீசிபிரிண்ட் என்ற பைத்தான் நூலகத்தைக் கொண்டு பிடிஎஃபாக மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சர்வரில் நிறுவியிருக்க வேண்டும். அதே ஒகரக் குறி ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டச்சாகலாம். சேமிக்கும்போதே, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்தினால்தான் தேடலில் ஓர் ஊர் இரண்டு ஊராகத் தெரியாது.

வெளியிடுவதற்கு முன், மழை பெய்த நாள், பெய்யாத நாள், அளக்காத நாள் ஆகிய மூன்று ஆவணங்களை எடுத்து, இணைய முகவரியைக் கட்டளை வரியிலிருந்து கேட்கும் கர்ல் கட்டளையில் அக்செப்ட் தலைப்பை மாற்றி மாற்றி நான்கு வடிவங்களிலும் கேட்டுப் பாருங்கள். சிஎஸ்வியை எக்செல்லிலும் திறந்து, அளக்காத நாளின் கட்டம் காலியாகவே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.