எலும்பு கூடிவிட்டது, கை ஏன் மேலே போக மாட்டேன் என்கிறது?

பிசியோதெரபி வேலையில் எட்டு வருடம் ஓட்டிய பிறகுதான் என் இடது தோள் உடைந்தது. ஈரமான மாடிப்படி, கடைசி இரண்டு படி, கையை ஊன்றி விழுந்தேன். அத்தனை வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதியை என் தோளுக்கு நான் செய்யவில்லை. இப்போது புதிதாக, கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஸ்லிங்கோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் அன்றைய என்னைப் பார்ப்பது போலவே இருக்கிறது, அதனால்தான் அடிக்கடி நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். கனம் தூக்காதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். இன்னொன்று, தோள் உடைந்தது என்றால் காறை எலும்பு, தோள்பட்டை எலும்பு, மேல்கை எலும்பின் தலைப்பகுதி என்று எதுவாகவும் இருக்கலாம். நான் பேசுவது மூன்றாவதைப் பற்றி.

ஆபரேஷன் செய்தால்தான் சரியாகும் என்று முடிவுகட்டுவது

இந்த முறிவுகளில் பெரும்பாலானவை இடம் அதிகம் விலகாதவை, ஸ்லிங்கிலேயே கூடிவிடும். துண்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க 1970இல் நீர் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்கு சொன்னார்: 1 செ.மீ.க்கு மேல் நகர்ந்திருந்தாலோ 45 டிகிரிக்கு மேல் திரும்பியிருந்தாலோ விலகல். சரி, விலகிவிட்டால்? 2015இல் பிரிட்டனிலிருந்து புரோஃபர் என்ற ஆய்வு வந்தது. எலும்புத் தலைக்குக் கீழே உள்ள கழுத்துப் பகுதி முறிந்து விலகிய 250 பேரில் பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை, மீதிப் பேருக்கு ஸ்லிங். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் கையின் பயன்பாட்டில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதை வைத்து யாருக்குமே ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மூட்டும் சேர்ந்து நழுவியிருந்தால், எலும்புத் தலையே பிளந்திருந்தால், ரத்தக்குழாய் அடிபட்டிருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வந்திருந்தால் அது வேறு கதை. வயதானவர்களுக்குத் தலைப்பகுதி நொறுங்கிப்போனால் பந்து போன்ற எலும்புத் தலையையும் அது உட்காரும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கை மூட்டுகூடப் பொருத்துவார்கள். எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உலோக பிளேட் போடச் சொன்னால், போடாவிட்டால் என் கை எப்படி இருக்கும் என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்லிங்கைக் கழற்றப் பயப்படுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

எனக்கு மருத்துவர் மூன்று வாரம் என்றார். நான் ஏழு வாரம் போட்டேன். அசைத்தால் உள்ளே ஏதோ உரசுகிற மாதிரி இருந்தது, பயம், இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன், அடுத்த வாரமும் அதையே நினைத்தேன். வீட்டில் எல்லோரும் அசைக்காதே அசைக்காதே என்றது கேட்க இதமாகவும் இருந்தது. ஏழாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகக் கூடியிருந்தது. எங்கே, தூக்குங்க பார்க்கலாம் என்றார் மருத்துவர். கை தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை, தோள்பட்டை மட்டும் காதைத் தொடப் போனது.

தோள் மூட்டைச் சுற்றி ஒரு சவ்வுப் பை இருக்கிறது. கை தொங்கும்போது அதன் அடிப்பகுதி, சட்டையின் அக்குள் துணி மாதிரி, தளர்ந்து மடிந்து கிடக்கும். கையைத் தூக்கினால் அந்த மடிப்பு விரிய வேண்டும். உடைந்த பிறகு உள்ளே ரத்தமும் வீக்கமும் இருக்கும்போது வாரக்கணக்கில் மடித்தே வைத்தால் பை தடித்துச் சுருங்கி, மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். ஸ்லிங் வேறு கையை வயிற்றோடு ஒட்டி உள்பக்கமாகவே திருப்பி வைக்கிறது, அதனால் கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவுதான் முதலில் போகும். தலை வாரப் போகும்போது அது தெரியவரும். எலும்பு யாரும் கேட்காமலே தன் வேலையை முடித்துவிடும், இந்தப் பை அப்படி இல்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் கை போக எட்டு மாதம் ஆனது.

விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். முறிவு நிலையாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால், ஒன்றிரண்டு வாரத்திலேயே பெண்டுலம் பயிற்சி தொடங்கலாம்: குனிந்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டினால் கை தானாக ஆடும் (பலர் கையையே ஆட்டுகிறார்கள், அது பெண்டுலம் இல்லை). அப்புறம் மல்லாந்து படுத்து, நல்ல கையால் அடிபட்ட கையைத் தாங்கித் தூக்குவது. கையைத் தன் பலத்தில் தூக்குவது ஆறு வாரம் வாக்கில், எடை வைத்துச் செய்வது ஏறக்குறைய பன்னிரண்டு வாரத்தில். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அறுத்தவரிடம்தான் கேட்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் என்னிடம் வந்து ஒரு மணி நேரம் செய்வதைவிட, வீட்டில் தினம் நான்கு தடவை ஐந்தைந்து நிமிடம் செய்வது மேல். இதைச் சொன்னால் எனக்குத்தான் நஷ்டம்.

போன வாரம் ஒருவர் வந்தார். இரண்டு மாதம், ஒரு தடவைகூடக் கழற்றல சார் என்றார், பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய முகத்தோடு. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

யாரையாவது விட்டு இழுக்கச் சொல்வது

இறுகிய தோளை வெடுக்கென்று இழுத்தால் விரியாது, வீங்கி இன்னும் இறுகும். வலி கொஞ்சம் வரலாம், ஆனால் பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் அடங்க வேண்டும். ராத்திரி முழுக்க வலித்தால் மறுநாள் குறையுங்கள்.

நாற்காலியிலிருந்து அந்தக் கையை ஊன்றி எழுவது

வேண்டாம்.

மட்டமாகப் படுத்துத் தூங்க முயல்வது

முதல் சில வாரம் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குங்கள். முழங்கைக்குப் பின்னால் ஒரு தலையணை.

பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் பயப்படுவது

கன்றிப்போன கருநீல நிறம் முழங்கை வரை, மார்பு வரை இறங்கும். உள்ளே கசிந்த ரத்தம் கீழே வருகிறது, அவ்வளவுதான், மஞ்சளாகி மறையும். ஆனால் மேல்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு இடம் மட்டும் மரத்துப்போயிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அங்கே ஓடும் நரம்பு அடிபட்டிருக்கலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மீளும், இருந்தாலும் பதிவாகியிருக்க வேண்டும். விரல்கள் சில்லிட்டு வெளுத்தாலோ நீலமானாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

ஏன் உடைந்தது என்று கேட்காமல் விடுவது

ஐம்பது வயதுக்கு மேல், நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே தோள் உடைந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், அடுத்தது இடுப்பெலும்பாக இருக்கக் கூடாது. விழுந்த இடத்தையும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். எங்கள் மாடிப்படிக்கு நான் கைப்பிடி வைத்தது தோள் உடைந்து ஒரு வருடம் கழித்துத்தான்.