ஹார்டு டிஸ்க்கும் மோட்டார் அதிர்வும்: சரிசெய்யப் போய்க் கெடுக்கிற இடங்கள்

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் குடோன்களில் டிவிஆர் (கேமரா படத்தைப் பதிந்துவைக்கும் பெட்டி) மாட்டுகிறவர்களுக்கு இந்தப் புகார் பழகிப்போயிருக்கும்: "ஏனுங்க, புது டிஸ்க்குதானுங்க போட்டீங்க, மறுக்காவும் ரெக்கார்டு வுட்டு வுட்டு வருதுங்க." கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் டிஸ்க் சுத்தமாக இருக்கும். திரும்பக் குடோனில் மாட்டினால் அதே கதை. கடைசியில் பிராண்டு சரியில்லை என்று முடிவுகட்டி வேறு ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் விட்டு விட்டுத்தான் எழுதும்.

பேட் செக்டாரை, அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன இடத்தை, தேடுவதுதான் இதில் முதல் தவறு. இன்றைய பெரிய கொள்ளளவு டிஸ்க்கில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் தகவல் எழுதும் வட்டத் தடங்கள் ஏறக்குறைய இருபதாயிரம் அடுக்கியிருக்கும். அப்படியென்றால் ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 50 நானோமீட்டர் அளவு. எழுதும்போது ஹெட் (எழுதிப் படிக்கும் முனை) தடத்தின் நடுவிலிருந்து இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகினால், பக்கத்துத் தடத்தை அழித்துவிடக் கூடாது என்று டிஸ்க் தானாகவே எழுத்தை நிறுத்திவிடும். அந்த இடம் மறுபடி ஹெட்டுக்குக் கீழே வர ஒரு முழுச் சுற்று ஆகும். 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் அது 8.33 மில்லி செகண்ட், 5400-இல் 11.1. தகவல் கெடாது, நேரம்தான் போகும். பதினாறு கேமரா விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்போது இந்தக் காத்திருப்பு சேர்ந்துகொண்டே போனால் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி, ஃபிரேம்கள் பதியாமல் விழத் தொடங்கும்.

அடுத்த தவறு, அதிர்வு என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்பது. டிஸ்க்கைச் சுழற்றும் ஸ்பிண்டில் மோட்டாரின் மையமும் தடத்தின் மையமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. அதனால் வரும் விலகல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி திரும்ப வரும். 7200 ஆர்பிஎம் என்றால் 120 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 240, 360 ஆகியவற்றிலும் வரும். வரப்போவது முன்கூட்டியே தெரியும் என்பதால் டிஸ்க்குக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் அதைக் கற்றுக்கொண்டு, ஹெட்டைத் தாங்கும் கையை எதிர்த்திசையில் அசைத்து ரத்து செய்துவிடுகிறது. பேரிங்கும் உள்ளே சுழலும் காற்றும் தரும் அசைவு அப்படித் திரும்ப வராது. பழைய பால் பேரிங் டிஸ்க்குகளில் இது பெரிய தலைவலி, திரவ பேரிங் வந்தபின் வெகுவாகக் குறைந்தது. மூன்றாவது, வெளியிலிருந்து வருவது: தறி, கம்ப்ரசர், பக்கத்து ஸ்லாட்டில் ஓடும் இன்னொரு டிஸ்க். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கன்ட்ரோல் சிஸ்டம் ப்ராஜெக்டுக்கு ஹார்டு டிஸ்க் சர்வோவை (ஹெட்டைத் தடத்தின் நடுவில் பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டு அமைப்பை) எடுக்கும் கோவை மாணவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். சொந்த மோட்டாரின் 120 ஹெர்ட்ஸுக்கு வைத்த குறுகலான ஃபில்டர் மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருளில் அழகாக வேலை செய்யும். உடனே அதே பாணியில் வெளி மோட்டாருக்கும் ஒரு ஃபில்டர் வைத்துவிடுகிறார்கள். நான்கு துருவ இண்டக்‌ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒத்திசைவாக ஓடினால் 1500 ஆர்பிஎம். லோடு ஏறியதும் 1440 சுமாருக்கு இறங்கும், அதாவது 24 ஹெர்ட்ஸ். லோடு மாற மாற, வோல்டேஜ் இறங்க இறங்க அதுவும் நகரும், அதன் மடங்குகள் அத்தனை மடங்கு நகரும். நிலையான ஃபில்டருக்கு அது பிடிபடாது. அதிர்வெண்ணைத் தொடர்ந்து கணித்துப் பின்தொடரும் முறையோ, அதிர்வை நேரடியாக உணரும் சென்சாரோ வேண்டும்.

சென்சார் வைத்தவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதைத்தான் நான் பெரிய தவறாகச் சொல்வேன். ஊஞ்சலை நிறுத்தப் போகிறவர் தப்பான நேரத்தில் கை வைத்தால் அது இன்னும் வேகமாக ஆடும். இங்கேயும் அதுதான். கணக்கைப் பாருங்கள். வரும் அதிர்வின் அதே அளவில் எதிர் அசைவு தருகிறோம், நேரமும் சரியாக இருக்கிறது என்றால் மிச்சம் பூஜ்யம். கட்டம் (ஒரு முழு அலைவை 360 டிகிரி என்று வைத்துச் சொல்லும் நேரப் பொருத்தம்) 30 டிகிரி பிசகினால் பாதி அதிர்வு மிச்சம் நிற்கும். 60 டிகிரி பிசகினால் முழு அதிர்வும் அப்படியே நிற்கும், செய்த வேலை வீண். அதற்கு மேல் போனால் சென்சாரைப் பிடுங்கிப் போடுவதே மேல். 500 ஹெர்ட்ஸில் 60 டிகிரி என்பது ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்கு. 1500 ஹெர்ட்ஸில் அது இன்னும் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சென்சார் ஃபில்டர், ஏடிசி (சிக்னலை எண்ணாக மாற்றும் சிப்), கணக்குப் போடும் நேரம் எல்லாம் சேர்ந்து இந்த இடைவெளியைத் தின்றுவிடுவது மிகச் சாதாரணம்.

ஒவ்வொரு சுற்றிலும் கற்றுக்கொண்டு திருத்தும் அல்காரிதத்துக்கு எல்லை சற்று விரிவு. கையும் சர்வோவும் சேர்ந்து அந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பின்தங்குகின்றன என்பதை அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதில் பிழை 90 டிகிரியைத் தாண்டினால், பிழையைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு அதை வளர்த்துக்கொண்டே போகும். மாணவர்கள் முதல் மடங்குக்குச் சரியாகப் போட்டுவிட்டு, பத்தாவது மடங்குக்கும் அதே திருத்தத்தை நகலெடுக்கிறார்கள். அங்கே பின்தங்கல் வேறு.

இன்னொன்று, எல்லா அதிர்வெண்ணிலும் பிழையைக் குறைத்துக் காட்டும் டிசைனைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஓரிடத்தில் அமுக்கினால் வேறோரிடத்தில் எழும்பும். போடே என்ற பொறியாளர் நிறுவிய தொகையீட்டு விதி இதைக் கணக்காகவே சொல்கிறது. 120 ஹெர்ட்ஸில் ஆழமாக வெட்டியவர், ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் என்ன ஆயிற்று என்று கட்டாயம் பார்க்க வேண்டும். திரும்ப வரும் விலகலை ஒரே ஒரு சுற்றில் அளந்து பதிந்துவிடுவதும் கூடாது. தற்செயலாக வந்த அசைவும் அதோடு சேர்ந்து நிரந்தரமாகிவிடும். நூறு சுற்றுச் சராசரி எடுத்தால் தற்செயல் பங்கு பத்தில் ஒன்றாகக் குறையும்.

இனி குடோனுக்குப் போவோம். தறி நிமிடத்துக்கு 150 ஊடு (குறுக்கு நூல்) அடித்தால் அது 2.5 ஹெர்ட்ஸ். இந்த மெதுவான ஆட்டத்தை டிஸ்க்கின் சர்வோ தூக்கத்தில்கூடச் சமாளிக்கும். நாடாவை (ஊடு நூலைக் கொண்டுபோகும் கட்டையை) அடித்துத் தள்ளும் அந்தத் 'தடக்' என்ற அடிதான் ஆபத்து. அது சுவரில் அடித்த தகர ஷெல்ஃபை மணிபோல அதிர வைக்கும், அந்த அதிர்வு சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து மேலே போகும். சர்வோவின் பலவீனமான இடம் சரியாக அங்கேதான். இதிலும் பெட்டி நேர்கோட்டில் ஆடுவதைவிடத் திருகுவது மோசம். ஹெட்டைத் தாங்கும் கை தன் அச்சில் எடை சமன் செய்யப்பட்டது, நேர் அசைவு அதைச் சுழற்றாது. பெட்டி திருகும்போது கை சடத்துவத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும், கீழே தடம் நகர்ந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால் நான்கு ஸ்க்ரூ போடவேண்டிய இடத்தில் இரண்டைப் போட்டு நிறுத்துவது ஏன் தப்பு என்று விளங்கும். டபுள் டேப்பில் ஒட்டுவதும், டிஸ்க்குக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைப்பதும் அதைவிடத் தப்பு. கை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாயும்போது அதன் எதிர்விசை டிஸ்க்கின் உடலையே திருகும். மெத்தையில் கிடக்கும் டிஸ்க் தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும். டிஸ்க்கைப் பெட்டியில் இறுக்குங்கள், மெத்தை போடுவதானால் பெட்டிக்கு அடியில் போடுங்கள்.

அந்த மெத்தையிலும் ஒரு கணக்கு உண்டு. எடை வைத்ததும் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் கிடைக்கும். கெட்டி ரப்பர் 0.1 மில்லிமீட்டர் அமுங்கினால் 50 ஹெர்ட்ஸ். 2880 ஆர்பிஎம்மில் ஓடும் கம்ப்ரசர் மோட்டாரின் அதிர்வு 48. இரண்டும் மோதி, ரப்பர் போடாமல் இருந்ததைவிட அதிகமாக ஆடும்! 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ், அப்போது 24 ஹெர்ட்ஸ் அதிர்வில் எட்டில் ஒரு பங்குதான் மேலே ஏறும். டிவிஆர் எடை குறைவு என்பதால் ரப்பர் இவ்வளவு அமுங்காது. ஒரு துண்டு கடப்பா கல்லின் மேல் பெட்டியை வைத்து, கல்லுக்கு அடியில் மெத்தையான பேடு கொடுங்கள். ஷெல்ஃபைத் தறி நிற்கும் சுவரிலிருந்து மாற்ற முடிந்தால் இதெல்லாம்கூடத் தேவைப்படாது.

சத்தத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் உண்டு. 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் தீயணைப்பு வாயுவைச் சோதனைக்குத் திறந்துவிட்டபோது, அது பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் பழுதாகி, சேவை பல மணி நேரம் நின்றது. கம்ப்ரசரின் காற்றுத் திறப்பான் வாய்க்கு எதிரே டிவிஆர் வைக்காதீர்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே எண் போட்டுத் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. சீகேட் டிஸ்க்கில் 7-ஆம் எண்ணில் (கை பாய்வதில் நேரும் பிழை) கோடிக்கணக்கில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பதறி டிஸ்க்கைத் தூக்கிப்போடுகிறார்கள். கை எத்தனை முறை பாய்ந்தது என்ற மொத்தக் கணக்கும் அதற்குள் சேர்ந்திருக்கிறது.

அதிர்வுதான் காரணமா என்று தெரிய, தறி ஓடும்போது ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் தறி நின்றபின் ஒருமுறை, அதே டிஸ்க்கில், அதே இடத்தில் எழுதும் வேகத்தை அளங்கள். இரண்டிலும் ஒரே வேகம் வந்தால் அதிர்வை விட்டுவிட்டு ஸ்மார்ட் அறிக்கையின் 199-ஆம் எண்ணை (கேபிள் வழியே தகவல் போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கையை) பாருங்கள். அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தால் முதலில் மாற்ற வேண்டியது சாட்டா கேபிளை.